மரப் பொந்தில் ஒரு பிரசவ வீடு

மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போய்த் திரும்புகிற அம்மாக்களை எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என்னென்ன பார்த்தீங்க?" நயாகரா என்று சொல்ல வேண்டும், சுதந்திர தேவி சிலை என்று சொல்ல வேண்டும். நான், "ஒரு வாத்து பார்த்தேன்" என்றேன். என் நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணி, வாத்து பார்க்கவா அவ்வளவு காசைக் கொட்டி ஏரோப்ளேன் ஏறினீங்க? நம்ம கண்மாயில இல்லாத வாத்தா?"

நம்ம கண்மாயில் இல்லாத வாத்துதான். அதன் கதையைச் சொல்ல வேண்டுமானால் என் மகள் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வாசக சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2018-ம் வருடம் மார்ச் கடைசியில் நான் நியூ ஜெர்ஸி போய் இறங்கினேன். பார்சிப்பனி என்ற ஊரில் மகள் வீடு. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஊர் அது. இட்லி அரிசி, கறிவேப்பிலை, சுக்கு, அரிசித் திப்பிலி எல்லாமே கிடைத்துவிடுகிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் பேத்தி பிறந்தாள். நான் ஊரிலிருந்து கொண்டுபோன பிரசவ லேகியத்தை உருட்டிக் கொடுத்தேன். பூண்டுக் குழம்பு வைத்தேன். ஜன்னல்களை மூடித் திரை போட்டேன். பச்சை உடம்புக்காரி, காற்றுப் படக்கூடாது, நாற்பது நாள் வாசல் தாண்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். என் அம்மா எனக்குச் செய்ததைத்தான் நானும் செய்தேன்.

ஆனால் என் அம்மா செய்தபோது வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருத்தி குழந்தையைக் குளிப்பாட்ட, ஒருத்தி சாம்பிராணி போட, எதிர்வீட்டு ஆச்சி வந்து கதை பேச என்று அறை கலகலவென்று இருந்தது. இங்கே நானும் அவளும் குழந்தையும்தான். மாப்பிள்ளை காலை ஏழுக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவார். மூன்றாவது வாரத்தில் கவனித்தேன், மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. பால் கொடுக்கும்போது சத்தமில்லாமல் கண்ணீர் வழிகிறது. "என்ன கண்ணு?" என்றால், "ஒண்ணும் இல்லம்மா" என்பாள். பால் பற்றவில்லையோ என்று நான் இன்னும் இரண்டு பூண்டைச் சேர்த்து வைத்தேனே தவிர, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆறாவது வாரம் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் வயிற்றைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளை நீட்டினார். அதில் பத்துக் கேள்விகள். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, தூக்கம் வருகிறதா என்று இப்படி. பிள்ளை பெற்ற பெண்களின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க இப்படி விசாரித்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவிலேயே முதன்முதலில் சட்டம் போட்ட மாநிலம் நியூ ஜெர்ஸிதானாம். 2006-ல் வந்த சட்டம். மகள் நிரப்பிக் கொடுத்த தாளைப் பார்த்த டாக்டரம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு அவளிடம் வெகு நேரம் பேசினார். வாரம் ஒரு முறை பேசுவதற்கு ஒரு ஆலோசகரிடம் எழுதிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, தினமும் இவளை வெளியே நடக்க அழைத்துப் போங்கள். வெயிலும் காற்றும் மரமும் இருக்கும் இடமாகப் பார்த்து" என்றார்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை எங்களைக் காரில் ஏற்றினார். அரை மணி நேரம்தான் ஓட்டியிருப்பார். 'கிரேட் ஸ்வாம்ப்' என்று பலகை இருந்தது. பெரிய சதுப்பு நிலம் என்று அர்த்தம். பிள்ளை பெற்றவளைச் சதுப்பு நிலத்துக்கா கூட்டி வருவார்கள் என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். வாய் திறந்து சொல்லவில்லை.

நல்லவேளை, சேற்றில் இறங்க வேண்டியதில்லை. தண்ணீருக்கு மேலே, மரப்பலகைகளை அடுக்கி நீளமாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். குழந்தையின் தள்ளுவண்டி அதில் சிரமமில்லாமல் உருளுகிறது. இரண்டு பக்கமும் தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர், அதில் முழங்காலளவு மூழ்கி நிற்கும் மேப்பிள் மரங்கள். அப்போதுதான் துளிர்விட்ட இலைகள், நம் ஊர் வேப்பங்கொழுந்து மாதிரி பளபளவென்று. தவளைச் சத்தம் காதை அடைத்தது. பாதை முடிகிற இடத்தில் ஒரு மரக் கொட்டகை. அதன் சுவரில் கண் மட்டத்தில் நீள நீளமாகத் திறப்பு விட்டிருக்கிறார்கள். பறவைகளுக்குத் தெரியாமல் உள்ளே இருந்து பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது.

போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தப் பக்கத்துப் புல்லிலும் புதரிலும் உண்ணி உண்டு. அது கடித்தால் 'லைம்' என்ற காய்ச்சல் வரக்கூடும்; கவனிக்காமல் விட்டால் மூட்டைப் பிடித்துக்கொள்ளும். பலகைப் பாதையை விட்டு இறங்காமல் இருப்பது நல்லது. காலுறை, முழுக்கை உடை போட்டுப் போய், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, காது மடல், தலைமுடி எல்லாம் தடவிப் பார்த்துவிட வேண்டும். குழந்தைகளை அவசியம் பார்க்க வேண்டும்.

கொட்டகைக்குள் தலை முழுக்க நரைத்த ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பைனாகுலர், கையில் சிறிய நோட்டுப் புத்தகம். அங்கே சம்பளம் வாங்காமல் சேவை செய்கிறவர்களில் ஒருவராம். தள்ளுவண்டியை எட்டிப் பார்த்து, "எத்தனை நாள் ஆச்சு?" என்று விசாரித்தார். பிறகு தன் பைனாகுலரை மகளிடம் கழற்றிக் கொடுத்து ஒரு திசையைக் காட்டினார்.

மகள் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. "அம்மா, இங்க பாரேன். யாரோ பெயின்ட் அடிச்சு விட்ட மாதிரி இருக்கு!"

ஜோடியாக இரண்டு வாத்துகள். ஆண் வாத்துக்குத் தலையில் பச்சையும் ஊதாவும் மின்னும் கொண்டை, மயில் கழுத்துப் பட்டு மாதிரி. கொண்டையின் மேல் கோலம் போட்டது போல் வெள்ளைக் கோடுகள். கண் ரத்தச் சிவப்பு. மூக்கிலும் சிவப்பு. மார்பு அரக்கு நிறம், அதில் வெள்ளைப் பொட்டுகள். விலாப்பக்கம் சந்தன நிறம். பக்கத்தில் பெண் வாத்து, பாவம், சாம்பலும் பழுப்புமாக நூல் புடவை கட்டியவள் மாதிரி இருந்தாள். கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணீர்த் துளி வடிவத்தில் ஒரு வெள்ளை வளையம். ஆங்கிலத்தில் 'உட் டக்' என்கிறார்கள்; நாம் மரவாத்து என்று வைத்துக்கொள்ளலாம். இதன் விஞ்ஞானப் பெயரில் வரும் 'ஸ்பான்ஸா' என்ற லத்தீன் சொல்லுக்கு, நிச்சயமான மணப்பெண் என்று பொருளாம். அலங்காரமெல்லாம் மாப்பிள்ளைக்கு, பெயர் மட்டும் பெண்ணுக்கு!

"இது மரத்திலேதான் முட்டையிடும்" என்றார் பாட்டி. நான் நம்பவில்லை. வாத்தாவது, மரத்தில் ஏறுவதாவது?

உண்மைதான். பெரிய மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்து, கிளை முறிந்து உளுத்துப்போன குழி, இப்படி ஏதாவது ஒன்றைப் பெண் வாத்து தேடிப் பிடிக்கிறது. ஐம்பது அறுபது அடி உயரத்தில் இருந்தாலும் சரிதான். கால் விரல்களில் சவ்வு மட்டுமல்ல, கூரான நகமும் உண்டு. அதனால் பட்டையைப் பற்றிக்கொள்ள முடிகிறது. குச்சி, புல் எதுவும் கொண்டுபோய்ப் போடாது. பொந்துக்குள் இருக்கும் மரத்தூள்தான் மெத்தை. அதன் மேல் தன் மார்பிலிருந்தே பஞ்சு இறகைப் பிடுங்கி விரிக்கும். நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டை. எல்லாம் இட்டு முடித்த பிறகுதான் அடைகாக்க உட்காரும். அப்போதுதான் குஞ்சுகள் ஒரே நாளில் வெளிவரும். சுமார் முப்பது நாள் அடை. காலையும் மாலையும் கொஞ்ச நேரம் இரை தேடப் போய்வருவதோடு சரி. அடை பாதியில் இருக்கும்போதே அலங்கார மாப்பிள்ளை விடைபெற்றுக்கொண்டு போய்விடுகிறார்! சில பெண் வாத்துகள் வேறொருத்தி கூட்டில் தன் முட்டையை இட்டுவிட்டு நழுவிவிடுவதும் உண்டாம். அப்படி ஒரே கூட்டில் முப்பது முட்டைக்கு மேல் சேர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறார்களாம்.

இவ்வளவு அழகாக இருந்ததே அதற்கு ஆபத்தாகிவிட்டது. இறைச்சிக்காகச் சுட்டார்கள். தொப்பிக்கும் தூண்டில் பூச்சிக்கும் இறகு வேண்டுமென்று சுட்டார்கள். பொந்து விழுந்த பழைய மரங்களை வெட்டினார்கள், சதுப்பு நிலங்களை வடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இனமே அற்றுப் போய்விடும் என்று பயந்தார்கள். 1918-ல் வந்த சட்டத்தின்படி வேட்டையை நிறுத்தினார்கள். 1941 வரை நாடு முழுவதும் தடை இருந்தது. 1930-களின் கடைசியில் இல்லினாய் மாநிலத்தில் ஆர்தர் ஹாக்கின்ஸ், பிராங்க் பெல்ரோஸ் என்ற இருவர், மரம் இல்லாவிட்டால் பெட்டி வைத்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தார்கள். வாத்துகள் பெட்டியை ஏற்றுக்கொண்டன. இன்று வட அமெரிக்காவில் மரவாத்து லட்சக்கணக்கில் இருக்கிறது.

அந்தப் பெட்டிகளைக் கிரேட் ஸ்வாம்பிலும் கம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள். பாட்டி விளக்கினார். வாசல் வட்டமாக இருக்கக்கூடாது. நாலு அங்குல அகலம், மூன்று அங்குல உயரத்தில் முட்டை வடிவமாக இருக்க வேண்டும். வாத்து நுழையும், ரக்கூன் நுழையாது. ரக்கூன் என்பது முகத்தில் கறுப்புப் பட்டை போட்ட ஒரு திருடன். பூனையை விடப் பெரிசு, கை மாதிரி இருக்கும் பாதத்தால் குப்பைத்தொட்டி மூடியைக்கூடத் திறந்துவிடும். அது ஏறாமல் இருக்கக் கம்பத்தில் தகரப் புனல் கவிழ்த்திருக்கிறார்கள். பெட்டிக்குள் நாலு விரற்கடை மரச்சீவல். உள்சுவரில் வாசலுக்குக் கீழே கம்பி வலை. அது எதற்கென்றால், குஞ்சுகள் பற்றி ஏறி வாசலுக்கு வர.

"வந்து?" என்றாள் மகள்.

"குதிக்கும்" என்றார் பாட்டி.

பொரித்த மறுநாள் காலை குதித்தாக வேண்டும். அம்மா இரை கொண்டுவந்து ஊட்டுவது கிடையாது. தூக்கிக்கொண்டு இறங்குவதும் கிடையாது. அவள் முதலில் கீழே இறங்கி நின்று கூப்பிடுவாள். அந்தக் குரலை முட்டை உடைகிறபோதே கேட்டுப் பழகிய குஞ்சுகள் ஒவ்வொன்றாக வந்து விழும். சற்றுத் தள்ளி, தண்ணீர் ஓரத்தில் நின்ற ஒரு கிழட்டு மேப்பிள் மரத்தைப் பாட்டி காட்டினார். மூன்று மாடி உயரத்தில் கறுப்பாக ஒரு பொந்து. அதில் ஒருத்தி அடைகாக்கிறாள், தேதி குறித்து வைத்திருக்கிறேன், அநேகமாக வருகிற வாரம் என்று நோட்டைத் தட்டினார். "காலை ஏழுக்குள் வந்துவிட வேண்டும்."

நடக்கிற காரியமா என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அப்போது விடிவதே பத்து மணிக்கு.

வியாழக்கிழமை ஐந்தரைக்குச் சமையலறையில் சத்தம் கேட்டது. மகள் தலையை வாரிக்கொண்டு, குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். "அம்மா, போலாமா?" மாப்பிள்ளை ஆபீசுக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் ஒன்றும் நடக்கவில்லை. குளிர்தான் எலும்பைக் குத்தியது. காற்றுப் படக்கூடாது என்று சொன்ன நானே ஃப்ளாஸ்கில் சுக்குக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை ஏழே கால் மணிக்குப் பொந்தின் வாசலில் பெண் வாத்தின் தலை தெரிந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கீழே என்று பார்த்தபடியே இருந்தாள். பத்து நிமிஷம் இருக்கும். நாங்கள் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு சடாரென்று இறங்கினாள். மரத்தடியில் நின்று, தாழ்ந்த குரலில் "குக், குக், குக்" என்று விடாமல் கூப்பிட்டாள்.

முதல் குஞ்சு வாசலில் வந்து நின்றது. கட்டைவிரல் அளவு. எட்டிப் பார்த்தது. அப்படியே காற்றில் பாய்ந்தது! இறகு முளைக்காத சின்னக் கைகளையும் கால்களையும் விரித்துக்கொண்டு பஞ்சு உருண்டையாக விழுந்து, சருகு மெத்தையில் பந்து மாதிரி துள்ளி எழுந்து, அம்மாவிடம் ஓடிவிட்டது. எடை இல்லாத உடம்பாம், அதனால் அடிபடுவதில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. சில சமயம் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு இரண்டாக விழுந்தன. மகள் உதட்டசைவில் எண்ணிக்கொண்டே வந்தாள். நானும் எண்ணினேன். ஒரு குஞ்சு கீழே ஒரு வேர் முண்டில் மோதப்போவது போலிருந்தபோது கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன்.

பிறகு ஒன்றும் வரவில்லை. முடிந்தது என்று நினைத்தோம். பெண் வாத்து மூன்று நான்கு அடி தண்ணீரை நோக்கி நடந்தாள்; குஞ்சுகளும் பின்னால் போயின. அப்போது பொந்து வாசலில் இன்னும் ஒரு தலை.

அது குதிக்கவில்லை. உள்ளே போனது. மறுபடி வந்தது. கீச்சென்று கத்தியது. நான் மெதுவாகப் பாட்டியைக் கேட்டேன், அம்மா மேலே போய் அழைத்து வரமாட்டாளா என்று. பாட்டி தலையை ஆட்டினார். "போகமாட்டாள். கீழே மற்றவை இருக்கின்றன. கொஞ்ச நேரம் கூப்பிடுவாள்."

பெண் வாத்து நின்றாள். திரும்பி மரத்தைப் பார்த்து முன்பு போலவே கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை. மகளின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. வளையல் அழுந்தி வலித்தது. தள்ளுவண்டியில் பேத்தி முழித்துக்கொண்டு சிணுங்க ஆரம்பித்தாள். மகள் அந்தப் பக்கம் திரும்பாமலே, "தோ, அம்மா இங்கதான் இருக்கேன்டா, இங்கதான் இருக்கேன்" என்றாள். இந்தக் குரலை நான் பல வாரங்களாகக் கேட்கவில்லை.

குஞ்சு குதித்தது.

வரிசையாகத் தண்ணீருக்குள் இறங்கி, பாசிக்கு நடுவே நீந்தி, நாணலுக்குள் மறைந்தார்கள். இவற்றில் பாதிக்கு மேல் முதல் இரண்டு வாரத்திலேயே ஆமைக்கும் மீனுக்கும் பருந்துக்கும் இரையாகிவிடும் என்று பாட்டி சொன்னார். கேட்டிருக்க வேண்டாம் என்று இருந்தது.

வெளியே வரும்போது பார்வையாளர் கூடத்துக்குப் போனோம். ஹெலன் ஃபென்ஸ்கே என்ற பெண்மணியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். இந்த இடத்தைக் காப்பாற்ற முன்னின்றவர்களில் ஒருவர் அவர். அப்போது பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருந்த இல்லத்தரசி. 1959 டிசம்பரில், சதுப்பு நிலத்தைத் தூர்த்து மாபெரும் ஜெட் விமான நிலையம் கட்டப் போவதாக அறிவிப்பு வந்தது. அந்த வட்டாரத்து மக்கள் சண்டை போட்டுக்கொண்டு நிற்காமல் நிலத்தை விலைக்கு வாங்கக் கிளம்பினார்கள். வீடு வீடாகப் பணம் திரட்டி, பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்த்து, ஏறக்குறைய மூவாயிரம் ஏக்கரை வாங்கி, வனவிலங்குகளுக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கத்துக்கே தானமாகக் கொடுத்துவிட்டார்கள்! 1960-ல் இது சரணாலயமாயிற்று. மகள் அந்தச் சுவரில் இருந்ததை ஒன்று விடாமல் படித்தாள். குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

காரில் ஏறியதும் ஆரம்பித்தது எங்கள் சண்டை.

"பன்னிரண்டும்மா."

"பதினொண்ணுடி. நான் விரல் மடக்கி எண்ணினேன்."

"நீ நடுவுல கண்ணை மூடிக்கிட்டே. நான் பார்த்தேன்."

"அத்தை, நான் பாதையைப் பார்த்து ஓட்டணும்" என்றார் மாப்பிள்ளை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆலோசகரிடம் அவள் அந்தக் கோடை முழுக்கப் போய் வந்தாள். அழுத நாட்களும் இருந்தன. ஆனால் திரையை நான் மறுபடி இழுத்து மூடவில்லை. லேகியத்தை மட்டும் விடவில்லை. அதில் என் பிடிவாதம் என் பிடிவாதம்தான். செப்டம்பரில் என் ஆறு மாதக் கெடு முடிந்து ஊர் திரும்பினேன்.

நாத்தனாரிடம் சொல்ல ஒரு பதிலும் கிடைத்தது. நம் கண்மாய்களில் வெள்ளையும் கரும்பச்சையுமாகச் சின்னதாக ஒன்று மிதக்குமே, குள்ளத்தாரா, அதுவும் மரப்பொந்தில்தான் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகளும் குதித்துத்தான் இறங்குகின்றன. இத்தனை வருஷம் அந்தக் கரையில் துணி துவைத்தோம், யார் தலை நிமிர்ந்து பார்த்தோம்?

ஜனவரியில் மகள் போன் செய்தாள். தண்ணீர் இறுகிப் பனிக்கட்டியாகிவிட்டதாம். அதன் மேலேயே நடந்து போய், பாட்டியோடு சேர்ந்து பெட்டிகளைச் சுத்தம் செய்து புது மரச்சீவல் போட்டு வந்தாளாம். பேத்தியை முதுகில் கட்டிக்கொண்டு போனாளாம்; காதை மூடினாயா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. பொரித்த முட்டையின் உள்தோல் பெட்டிக்குள் அப்படியே காய்ந்து கிடக்குமாம். அதை எண்ணினால் எத்தனை குஞ்சு வெளியே போயிற்று என்று தெரிந்துவிடுமாம்.

"அப்ப நம்ம மரத்தில எண்ணிப் பார்க்க வேண்டியதுதானே?" என்றேன்.

"அவ்வளவு உயரத்துக்கு ஏணி கிடையாதாம்மா. பன்னிரண்டுதான். நீ ஒத்துக்கோ."

நான் ஒத்துக்கொள்ளவில்லை.